பேர் தெரியாத படம்

ஜூலை 3, வியாழன்

கடையில் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய டைரி இது. ஆறு மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. இன்று எழுத உட்கார்ந்தேன். மதினி எட்டிப் பார்த்து, "நீ என்னத்த எழுதப் போற, சேலை மடிச்ச கதையா?" என்றாள். ஆமாம், அதைத்தான் எழுதப் போகிறேன். வேறு என்ன கதை இருக்கிறது எனக்கு?

நான் உலகம்மாள். திருநெல்வேலி டவுனில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், முதல் மாடி பட்டு செக்‌ஷனில் நிற்கிறேன். வேலை பார்க்கிறேன் என்பதைவிட நிற்கிறேன் என்பதுதான் சரி. உட்கார்ந்தால் மேனேஜருக்குக் கண் அவிந்துவிடும். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் மூன்றாம் மாடி குடோனில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, நானும் காட்டன் செக்‌ஷன் எஸ்தரும் சுடிதார் செக்‌ஷன் தங்கபுஷ்பமும் உட்காருவோம். மூன்று டப்பாவையும் திறந்து நடுவில் வைத்துவிட வேண்டும். அவரவர் டப்பாவில் அவரவர் கை வைக்கக் கூடாது. இது எஸ்தர் போட்ட சட்டம். அவள் சாளைக் குழம்பு எனக்கு, என் சொதி புஷ்பத்துக்கு, புஷ்பத்தின் உளுந்தஞ்சோறு எஸ்தருக்கு.

இன்னொரு சட்டமும் உண்டு, அது நான் போட்டது. எங்கள் வார லீவு ஒரே நாளில் வராது. எஸ்தருக்குத் திங்கள், புஷ்பத்துக்குப் புதன், எனக்கு வெள்ளி. ஆகவே மூவரும் சேர்ந்து ஒரு படம் பார்த்ததே கிடையாது. லீவில் பார்த்த படத்தை மறுநாள் சாப்பாட்டில் சொல்லியாக வேண்டும். சொல்லி முடித்ததும் கேட்டவர்கள் க்ளைமாக்ஸை மாற்றுவோம். செத்த கதாநாயகியை எத்தனையோ தடவை பிழைக்க வைத்திருக்கிறோம்.

இன்று புஷ்பத்தின் முறை. படத்தின் பேரே அவளுக்குத் தெரியவில்லை.

"பேரு போடும்போது கரண்டு போய்ட்டு" என்றாள்.

"சரி, ஹீரோ யாரு?"

"புதுமுகம்ட்டி. அதுல ஒரு அம்மா இருக்கா..."

"அம்மா கெடக்கா. ஹீரோவைச் சொல்லு" என்றாள் எஸ்தர்.

கதை இதுதான். ஒரு பெண் பிள்ளை, ப்ளஸ் ஒன் படிக்கிறாள். நன்றாகப் படிப்பாள். அவளுடைய அத்தை மகன் புனேயில் கடை வைத்திருக்கிறான். வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவான். கூலிங்கிளாஸ், செண்டு, பை நிறைய மிட்டாய். அத்தைக்கு அந்தப் பெண்ணைத் தன் மகனுக்குக் கட்டிவைக்க ஆசை. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.

எனக்குப் படம் பிடித்திருக்கிறது. எனக்கென்று ஒரு அத்தை மகன் இருந்தான். அவன் கொழும்புக்காரி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 4, வெள்ளி

லீவு. துணி துவைத்தேன், தண்ணீர் பிடித்தேன், மதினியின் திட்டை வாங்கிக்கொண்டேன். டிவியில் ஒரு படம். பனிமலையில் ஷிபான் சேலை கட்டிக்கொண்டு ஆடுகிறாள். தோளில் ஒரு பின்கூட இல்லை. அது எப்படி நழுவாமல் நிற்கிறது என்று பார்த்ததிலேயே கதை போய்விட்டது.

ஜூலை 10, வியாழன்

போன வாரம் பாதியில் நின்ற படத்தை இன்று புஷ்பம் தொடர்ந்தாள். ஒரு படத்தை இரண்டு வாரமா சொல்வார்கள் என்று எஸ்தர் குறைப்பட்டாள். அதற்குப் புஷ்பம், "பாதியில தூங்கிட்டேன். நேத்து திருப்பிப் போட்டான்" என்றாள்.

அந்தப் பெண் பெரியவள் ஆனபோது நடந்த சடங்கைப் பழைய நினைவாகக் காட்டுகிறார்களாம். பந்தலில் வைத்து, ஊரே பார்க்க, அத்தை கேட்கிறாள்: பிள்ளையை என் மகனுக்குத் தருவியா? அப்பா உடனே வாக்குக் கொடுத்துவிடுகிறார். இவரைத் தூக்கி வளர்த்த அக்கா அல்லவா, மறு பேச்சு உண்டா? அம்மா மட்டும், "அவ படிக்கட்டும்" என்கிறாள். அதற்கு அத்தை சொல்லும் வசனத்தைப் புஷ்பம் அப்படியே சொல்லிக் காட்டினாள்.

"எம் வீட்டு மருமவ எந் தம்பி வீட்டுல வளருதா. அம்புட்டுதான்."

நானும் எஸ்தரும் கை தட்டிவிட்டோம். என்ன வசனம்! தியேட்டராக இருந்தால் விசில் பறந்திருக்கும்.

புஷ்பம் கை தட்டவில்லை. "அந்த அம்மா ராத்திரி பூரா புருசன் கால்ல விழுந்து கெஞ்சுதா. அவன் சோத்துத் தட்டைத் தூக்கி எறியுதான்" என்றாள்.

"ஓவர் ஆக்டிங்" என்றாள் எஸ்தர். "அம்மாக்காரிக்கு இத்தனை சீன் எதுக்கு? பாட்டு உண்டா இல்லையா?"

"பாட்டு இல்ல."

"சவம், பாட்டு இல்லாத படத்தை எவன் எடுத்தான்?"

க்ளைமாக்ஸ் இன்னும் வரவில்லை என்றாள். வரும் முன்பே நான் மாற்றிவிட்டேன். அம்மாக்காரி மனம் திருந்த வேண்டும். மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் அவளே கொடுக்க வேண்டும். மேலே இருந்து பூ விழ வேண்டும். சுபம்.

"அதுதான் சரிங்கியா உலகு?" என்று கேட்டாள்.

"பின்னே? பெத்தவ மறிச்சா எந்தக் கல்யாணம் விளங்கும்?"

அவள் டப்பாவை மூடிவிட்டாள். இன்று வெறும் தயிர்ச்சோறும் நார்த்தங்காயும்தான் கொண்டுவந்திருந்தாள். வரவர இவளுக்குச் சோம்பேறித்தனம் கூடிவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

எஸ்தர் நேற்று பார்த்த பேய்ப் படத்தைச் சொன்னாள். பேய் மீன் சந்தையில் கருவாடு பேரம் பேசுகிறதாம். சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது. புஷ்பமும் சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். நன்றாகத்தான் சிரிக்கிறாள்.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் தேதி. தள்ளுபடி ஆரம்பம். ஊரே கடைக்குள் நுழைந்துவிட்டது. சாப்பிட ஆளுக்குக் கொஞ்ச நேரம்தான், அதுவும் நின்றுகொண்டே. மாடிப்படியில் எதிரே வந்த புஷ்பம் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஆடியில கல்யாணம் வைக்க மாட்டாவல்லா?"

"எவனாவது வைப்பானா, கிறுக்கு."

"அப்போ ஆவணிதான்."

"யாருக்குட்டி கல்யாணம்?"

"அந்தப் படத்துல" என்றாள். "ஆடி வரவும் அந்த அம்மாவுக்கு ஒரு மாசம் கெடைச்சிருக்கு."

கீழே மூட்டை மூட்டையாகச் சேலை வந்து இறங்குகிறது. இவள் இன்னும் அந்தப் படத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "வேற படம் பாருட்டி" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

ஜூலை 24, வியாழன்

கால் வீங்கிவிட்டது. விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு எழுதுகிறேன்.

இன்று உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைத்தது. புஷ்பம் மறுபடியும் அதே கதையை எடுத்தாள். அந்தப் பிள்ளை புத்தகத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிறதாம். அம்மா, பிள்ளையின் தாய்மாமன் வீட்டுக்குப் போய் அழுகிறாளாம். மாமனோ, "அந்நியத்துலயா குடுக்கோம், அத்தை மகன்தானே" என்று காப்பி கொடுத்து அனுப்பிவிடுகிறானாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரே அழுவாச்சியா இருக்கு. நாலு வாரமா அந்த அம்மாக்காரி அழுதுகிட்டே இருக்கா. எங்களுக்கு மத்தியானம் ஒரு வாய் நிம்மதியாச் சோறு எறங்க வேண்டாமா? இனிமே இந்தப் படத்தைச் சொல்லாத" என்றேன்.

"சரி, சொல்லல" என்றாள்.

எஸ்தர் நெத்திலி வறுவலை அவள் பக்கம் தள்ளினாள். அவள் எடுக்கவில்லை. பிறகு விலைவாசி, எஸ்தர் சபையில் நடந்த சண்டை, யார் எத்தனை சேலை விற்றார்கள் என்று பேச்சு எங்கெங்கோ போனது. நல்ல பேச்சுதான்.

ஆகஸ்ட் 2, சனி

எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் கூட்டம். புஷ்பம் இன்று லீவு போட்டிருந்தாள். பதினொரு மணிக்கு மேல் பார்த்தால், வாடிக்கையாளர் நிற்கும் பக்கம் அவள் நிற்கிறாள். கையில் பை. அவள் முன்னால் பெரிய பொட்டு வைத்த ஓர் அம்மாள், புஷ்பத்தின் புருஷன், அவர்களுக்கு நடுவே ஒரு பெண் பிள்ளை. பிள்ளையை அடையாளம் தெரிந்தது. போனில் படம் காட்டியிருக்கிறாள். புஷ்பத்தின் மகள் சிவரஞ்சனி. சனிக்கிழமை வகுப்பிலிருந்து அப்படியே கூட்டிவந்திருக்கிறார்கள் போல, யூனிஃபார்மில் இருந்தாள்.

எனக்குச் சந்தோஷம். நம்ம புஷ்பம் வாடிக்கையாளராக வந்திருக்கிறாளே!

"ஏட்டி, என்ன விசேஷம்? சொல்லவே இல்ல?"

புஷ்பம் தரையைப் பார்த்தாள். பதில் அந்தப் பொட்டு வைத்த அம்மாளிடமிருந்து வந்தது.

"முகூர்த்தச் சேலை எடுக்கணும். நல்லதா எடுத்துப் போடு. இவ இங்கன வேலை பாக்காள்லா, கொறைச்சுக் குடுப்பியள்னுதான் வந்தோம்."

"யாருக்கும்மா? மகளுக்கா?"

"மருமவளுக்கு." அவள் ரஞ்சனியின் தாடையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். "எம் வீட்டு மருமவ எந் தம்பி வீட்டுல வளந்தா. அம்புட்டுதான்."

கை தட்டிய வசனம்.

கையில் இருந்த சேலையைக் கீழே வைத்தேன். மறுபடி எடுத்தேன். புஷ்பத்தைப் பார்த்தேன். அவள் இப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்துக்குப் பேர் ஏன் இல்லை, பாட்டு ஏன் இல்லை, அம்மாவுக்கு மட்டும் ஏன் அத்தனை சீன் என்பதெல்லாம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. படமே இல்லை.

"என்ன நின்னுகிட்டே இருக்க? வச்சுக் காட்டு" என்றாள் அத்தைக்காரி.

பட்டு செக்‌ஷனில் வாயால் விற்க முடியாது. வாங்குபவர் மேல் வைத்துக் காட்ட வேண்டும். மடிப்பெடுத்து இடுப்பில் செருகி, முந்தானையைத் தோளில் விரித்து, கண்ணாடி முன் நிறுத்த வேண்டும். பன்னிரண்டு வருஷமாக என் கை செய்யும் வேலை. மேனேஜர் வேறு பக்கத்திலேயே நின்றார். ரஞ்சனியின் யூனிஃபார்ம் மேலேயே அரக்கு நிறச் சேலையைச் சுற்றினேன். பள்ளிக்கூட அடையாள அட்டை கழுத்தில் தொங்கி முந்தானையை மறித்தது. அதைப் பின்பக்கமாகத் தள்ளிவிட்டவளும் நான்தான்.

அவள் என் காதோரம் மெல்லக் கேட்டாள். "நீங்கதான உலகம்மாள் சித்தி? அம்மா உங்களைப் பத்திச் சொல்லிகிட்டே இருப்பா. நீங்கதான க்ளைமாக்ஸ் மாத்துத சித்தி?"

"ஆமா" என்றேன்.

"மாத்தச் சொல்லி அம்மா கேட்டாளா?"

நான் அவள் தோளில் மடிப்பைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது. இன்னும் சரிசெய்தேன்.

அந்தச் சேலையையே எடுத்தார்கள். அரக்கு நிறம் அவளுக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. அதைக் கண்ணாடியில் பார்த்து ஒரு நொடி எனக்கும் பெருமையாக இருந்தது. அந்த ஒரு நொடிக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

புஷ்பம் வேலைக்கு வந்தாள். மூன்று டப்பாவையும் திறந்து வைத்தோம். யாரும் கை வைக்கவில்லை. எஸ்தரிடம் நேற்றே எல்லாம் சொல்லிவிட்டேன்.

"ஏன்ட்டி நேராச் சொல்லல?" என்று கேட்டேன்.

"நேராச் சொன்னா அழுதுருவேன். அழுதா நீங்க எனக்கு ஆறுதல் சொல்லுவிய. எனக்கு ஆறுதலா வேணும்? அந்த அம்மா செய்யது சரிதான்னு யாராவது ஒரு ஆளு சொல்லணும், அதுதான் வேணும். எங்க அண்ணன் சொல்லல, மாமியா சொல்லல, சாமியாடிகிட்டகூட கேட்டேன், அவனும் சொல்லல. படம்னா நீங்க மனசுல உள்ளதை மறைக்காமச் சொல்லுவியள்லா? அதான் படமாச் சொன்னேன்."

நாங்கள் மறைக்காமல் சொன்னோம்.

"வந்து, ரஞ்சிக்குப் பதினாறு நடக்கு" என்றாள். "மாப்ளைக்கு இருபத்தொம்போது. கேட்டா, பேசுனபடி நடக்கணும்ங்காவ. மறிச்சா நீ உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிரு, பிள்ளை இங்க இருக்கட்டும்ங்காவ. நான் போய்ட்டா அன்னைக்கே கட்டி வச்சிருவாவ. ஆவணி பொறந்த மொத முகூர்த்தம்."

எஸ்தர் பிளாஸ்டிக் டம்ளரை நசுக்கிக்கொண்டே இருந்தாள். ஓவர் ஆக்டிங் என்று சொன்னவள் அவள். நான் சொன்னது அதைவிட மோசம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் கூப்பிடுவதற்கு ஒரு நம்பர் இருக்கிறது. எஸ்தரின் சபையில் ஒட்டியிருக்கிறார்களாம். குடோன் படிக்கட்டில் நின்று எஸ்தரே பேசினாள். எனக்குப் பேச வரவில்லை. நாளெல்லாம் நூறு பேரிடம் பேசுகிற வாய், அப்போது ஒட்டிக்கொண்டது. வயது, பள்ளிக்கூடம், தெரு எல்லாம் கேட்டார்கள். யார் சொன்னது என்று வெளியே விட மாட்டோம் என்றார்கள். அந்தக் குரல் மரியாதையாக இருந்தது.

புஷ்பத்திடம் சொல்லவில்லை. சொன்னால் முகத்தில் காட்டிவிடுவாள். இரண்டு பேரும் கீழே வந்து ஆளுக்கொரு செக்‌ஷனில் நின்றோம். சாயங்காலம் வரை எனக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

நேற்று புஷ்பத்தின் வீட்டுக்கு, எஸ்தர் போன் பேசிய இடத்திலிருந்து ஓர் ஆபீசர் அம்மா வந்துவிட்டார். கூட ஒரு பெண் போலீஸ். புஷ்பம் இன்று வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

ஆபீசர் அம்மா வாசலில் உட்கார்ந்து ரஞ்சனியிடம் கேட்டாராம்: "உனக்குக் கல்யாணம் பேசியிருக்காங்களாம்மா? பயப்படாமச் சொல்லு, நான் பார்த்துக்கிறேன்."

ரஞ்சனி முதலில் அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள். "இல்ல மேடம்" என்றாள்.

"அவ எனக்காகச் சொன்னா உலகு. போன் பண்ணுனது நான்தான்னு அவ அப்பா என்னைக் கொன்னுருவான்னு நெனச்சுட்டா. பெறவு என்னைக் கேட்டாவ. பிள்ளை இல்லைன்னு சொல்லிட்டு நிக்கா. நான் ஆமான்னு சொன்னா அவ பொய்க்காரி. அவளை எப்படிப் பொய்க்காரின்னு சொல்லுவேன்? நானும் இல்லைன்னுட்டேன்."

முகூர்த்தச் சேலையை எடுத்து வைத்துக் கேட்டதற்கு, அது தன் அக்கா வீட்டு விசேஷத்துக்கு என்று புருஷன் சொன்னானாம். ஆபீசர் அம்மா லேசில் விடவில்லை. பதினெட்டுக்கு முன்னால் கட்டினால் ஜெயில் என்று கண்டித்து எழுதிக் கையெழுத்து வாங்கினாராம். மறுபடி வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாராம்.

அவர் தலை மறைந்ததும் புருஷன் செய்த முதல் வேலை புஷ்பத்தின் போனைப் பிடுங்கிக்கொண்டது.

"போன் பண்ணது நாங்கதான்" என்றாள் எஸ்தர்.

"தெரியும்" என்றாள் புஷ்பம். "வேற யாரு எனக்குப் பண்ணுவா?"

அவள் எங்களைக் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

லீவு. டிவி போடவில்லை. கரண்டு இல்லையா என்று மதினி கேட்டாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

புஷ்பம் வரவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வரவில்லை. சொல்லாமல் லீவு என்று மேனேஜர் கத்துகிறார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

எஸ்தர் அவள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். பூட்டியிருக்கிறது. குடும்பத்தோடு திருப்பதிக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். எஸ்தர் மறுபடி அந்த நம்பருக்குப் பேசினாள். எங்கே போயிருக்கிறார்கள் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது. பார்க்கிறோம் என்றார்கள். அவர்கள்தான் என்ன செய்வார்கள், திருப்பதியில் போய் ஒவ்வொரு தலையாகப் பார்ப்பார்களா?

இன்று என் டப்பாவில் நானே கை வைத்துச் சாப்பிட்டேன். எஸ்தர் அவள் டப்பாவில்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஆவணி பிறந்துவிட்டது. முகூர்த்தச் சேலை எடுக்க வரிசையாக வருகிறார்கள். ஒவ்வொரு பெண்ணிடமும் வயது கேட்கத் தோன்றுகிறது. இன்று ஒருத்தியிடம் கேட்டேவிட்டேன். "சேலைக்கு எதுக்கு வயசு?" என்று அவள் அம்மா முறைத்தாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

புஷ்பம் வந்துவிட்டாள்.

குடோனில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். கூட்டாஞ்சோறு. முருங்கைக்கீரை எல்லாம் போட்டு வாசனையாக இருந்தது. ரஞ்சிக்குப் பிடித்தது என்று கைப்பழக்கத்தில் செய்துவிட்டாளாம். செய்த பிறகுதான் வீட்டில் சாப்பிட ஆள் இல்லை என்று ஞாபகம் வந்ததாம்.

திருப்பதி எல்லாம் சும்மா. புருஷன் அவளை அவள் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, பிள்ளையை ரயிலில் புனேக்குக் கூட்டிப் போயிருக்கிறான். அங்கேயே ஏதோ ஒரு கோயிலில் வைத்து முடித்துவிட்டார்கள். பெற்றவள் வந்தால் அழுது காரியத்தைக் கெடுத்துவிடுவாளாம்.

"கல்யாணத்தை நீ பாக்கவே இல்லையா?" என்றாள் எஸ்தர்.

"ரஞ்சி அப்பா போன்ல ஒரு போட்டோ காட்டுனாவ. சேலையை யாரோ தப்பாக் கட்டி விட்டிருக்கா. மடிப்பெல்லாம் எடது பக்கம் இழுத்துக் கெடக்கு. உலகு கட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

எனக்கு அழுகை வந்தது. அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். இது எந்த ஊர் நியாயம்?

போலீசுக்கு இப்போதும் போகலாம் என்று எஸ்தர் சொன்னாள். எங்கே என்று சொல்லிப் போவது? அத்தைக்காரி ஊர் வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு போய்விட்டாள். புனேயில் புது வீடு, எந்தத் தெரு என்று புருஷன் சொல்ல மாட்டேன் என்கிறான். கேட்டால், "தெரிஞ்சா நீ அந்த ஆபீசரைக் கூட்டிட்டுப் போவ" என்கிறானாம்.

செப்டம்பர் 4, வியாழன்

புஷ்பத்தின் முறை. யாரும் படம் கேட்கவில்லை. எஸ்தர் மீன் விலை ஏறியதைச் சொன்னாள். நான் வெண்டைக்காய் வழுவழுப்பு போகப் புளி விடுவதைச் சொன்னேன். புஷ்பம் தலையாட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் மூவரும் இவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொண்டதே கிடையாது.

செப்டம்பர் 11, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் என் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தால், "உலகம்மாள் சித்தியா? நான் ரஞ்சனி. அம்மா பக்கத்துல இருக்காளா?"

புஷ்பம் அவளுக்கு என் நம்பரை எப்போதோ மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறாள். சாப்பாட்டு நேரமும் அவளுக்குத் தெரியும். ஸ்பீக்கரில் போட்டு அட்டைப்பெட்டி மேல் வைத்தேன்.

"அம்மா, நல்லா இருக்கியா? அத்தை போன்ல இருந்து பேசுதேன். அத்தை பக்கத்துலதான் இருக்காவ."

கடைசி வாக்கியத்தைச் சத்தமாகச் சொன்னாள்.

"நல்லா இருக்கேன் மக்கா. சாப்ட்டியா?" என்றாள் புஷ்பம்.

"சாப்ட்டேன். இங்க காலையில பாவுன்னு ஒரு ரொட்டி திங்காவம்மா. வாயெல்லாம் காயுது. அரிசி நம்ம ஊரு மாதிரி இல்ல. நான்தான் சமைக்கேன். சித்தி, இன்னைக்கு என்ன சாப்பாடு?"

"சொதி" என்றேன். "எஸ்தர் சித்தி சாளை கொண்டாந்திருக்கா."

"ஐயோ, எச்சில் ஊறுது" என்று சிரித்தாள். அவள் பின்னால் அத்தைக்காரியும் சிரிப்பது கேட்டது. மழை, துணி காயாதது, மாவு புளிக்காதது என்று கொஞ்ச நேரம் பேச்சு ஓடியது. கேட்பவர்களுக்கு எவ்வளவு நல்ல பேச்சு.

பிறகு அவள் சொன்னாள். "அம்மா, நேத்து டிவியில ஒரு படம் பாத்தேன். பேரு தெரியல. கதை சொல்லட்டா?"

புஷ்பத்தின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"சொல்லு மக்கா."

"அதுல ஒரு பொண்ணு, புது ஊருக்கு வாரா. மாடியில ஒரு ரூம்பு, கீழ கடை. எல்லாரும் கடைக்குப் போவும்போது வெளிய பூட்டிட்டுப் போறாவ. அவளுக்கு ராத்திரி ஆனாலே பயம். பயந்து கத்துனா, டிவி சத்தத்தைக் கூட்டி வைக்காவ. அப்படி ஒரு படம்."

"என்ன படம்டி அது? நான் பாக்கலையே" என்று அத்தையின் குரல்.

"நீங்க கடைக்குப் போயிருந்திய அத்தை."

எஸ்தர் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் போன் பக்கம் குனிந்தேன். இந்தத் தடவை நான் ஹீரோவைக் கேட்கவில்லை. பாட்டு உண்டா என்று கேட்கவில்லை.

"ரஞ்சி, அந்தப் பொண்ணு இருக்க தெருவைக் காட்டுனானா படத்துல? எப்படி இருந்துச்சு தெரு?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. மூச்சு விடாமல் சொன்னாள். "ஜன்னல் வழியாக் கொஞ்சம் காட்டுனான் சித்தி. முக்குல ஒரு பிள்ளையார் கோயில் இருக்கு. பக்கத்துல ஒரு பெரிய தண்ணி டேங்கு. போர்டெல்லாம் வேற பாசையில இருக்கு, படிக்கத் தெரியல. அந்தப் பொண்ணு..."

"போதும், காசு ஓடுது, வையி" என்றது அத்தையின் குரல். லைன் போய்விட்டது.

ரஞ்சி பேசிய நம்பரை எஸ்தர் என் போனிலிருந்து குறித்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினாள், மறுபடி அந்த உதவி நம்பருக்குக் கூப்பிட. நானும் புஷ்பமும் உட்கார்ந்திருந்தோம். எஸ்தர் பேசுவது இங்கே கேட்டது. ஆமா மேடம், புனே. இல்ல மேடம், தெருப் பேரு தெரியாது. பிள்ளையார் கோயில் மேடம். தெரியும் மேடம், அந்த ஊர்ல எல்லாத் தெருவுலயும் இருக்கும்.

சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. நான் டப்பாக்களை மூடினேன். புஷ்பம் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"டேங்கு பெருசுன்னு சொன்னாள்லாட்டி" என்றாள். "பெரிய டேங்குன்னு சொல்லச் சொல்லு."